கூலிங் டவர் புளோடவுனை ஆர்.ஓ.வுக்கு அனுப்பும் முன்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கூலிங் டவர் தொட்டியில் உப்பு மிகாமல் இருக்க வடித்துவிடும் நீர் புளோடவுன். அதை ஆர்.ஓ.வில் (நீரை அழுத்தி மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வு வழியே செலுத்தி உப்பைப் பிரிக்கும் முறை) சுத்திகரித்து மறுபடி பயன்படுத்த நினைப்பவர்களுக்கு இது. ஆர்.ஓ. மெம்பிரேன் மூன்றே மாதத்தில் அடைத்துக்கொண்டால் பழி முதலில் மெம்பிரேன் விற்றவர் மீது விழும், அடுத்து மெம்பிரேனில் உப்பு படியாமல் தடுக்கும் ஆன்டிஸ்கேலன்ட் விற்றவர் மீது. கூலிங் டவர் தொட்டியில் என்ன கெமிக்கல் போகிறது, எந்தக் கிழமை எந்த பயோசைடு (கிருமிக்கொல்லி) போட்டார்கள் என்று கேட்பவர் குறைவு. டவரைப் பார்ப்பது யுடிலிட்டி பிரிவு. ஆர்.ஓ.வைப் பார்ப்பது இ.டி.பி., அதாவது கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பிரிவு. இருவரும் ஒரே கேன்டீனில் சாப்பிட்டாலும் ஒருவர் லாக் புத்தகத்தை மற்றவர் புரட்டுவதில்லை. மெம்பிரேன் அடைப்பில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. அதனால் இந்த வழிகாட்டி டவரிலிருந்து தொடங்கி ஆர்.ஓ.வுக்கு வருகிறது.

எண்கள் புரிவதற்காக ஒரு மாதிரி டவரை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 1,000 கன மீட்டர் நீர் சுற்றுகிறது. சூடாக வரும் நீருக்கும் குளிர்ந்து போகும் நீருக்கும் 8 டிகிரி வித்தியாசம். தொட்டியும் குழாய்களும் சேர்த்து 500 கன மீட்டர் கொள்ளளவு. உங்கள் ஆலை எண்களை இதே சூத்திரங்களில் போட்டுப் பார்க்கலாம்.

முதல் படி: எவ்வளவு நீர் வீணாகிறது என்று கணக்கிடுங்கள்

ஆவியாகும் நீர் = சுற்றும் நீர் × வெப்ப வித்தியாசம் × 0.00153. மாதிரி டவரில் 1,000 × 8 × 0.00153, அதாவது மணிக்கு 12.2 கன மீட்டர். இது வானத்துக்குப் போகிறது. குளிர்ச்சிக்கு நாம் கொடுக்கும் விலை இதுதான், இதைக் குறைக்க முடியாது. ஆவி போகும்போது உப்பு தங்கிவிடும். தங்கிய உப்பு அளவு மீறாமல் இருக்க வடித்துவிடும் நீர்தான் புளோடவுன். இழந்த நீருக்கு ஈடாகச் சேர்க்கும் மேக்கப் நீரைவிடத் தொட்டி நீரில் உப்பு எத்தனை மடங்கு என்பதை ஆலைகளில் சி.ஓ.சி. என்பார்கள், செறிவு மடங்கு என்று பொருள்.

புளோடவுன் = ஆவியாகும் நீர் ÷ (சி.ஓ.சி. − 1).

சி.ஓ.சி. 3 என்றால் நாளுக்கு 147 கன மீட்டர் வெளியே போகும். 5 ஆக்கினால் 73. 8 ஆக்கினால் 42. மூன்றிலிருந்து ஐந்துக்குப் போவதில் ஒரு மெம்பிரேன்கூட வாங்காமல் நாளுக்கு 74 கன மீட்டர் மிச்சமாகிறது. ஐந்திலிருந்து எட்டுக்குப் போனால் 31 கன மீட்டர்தான் மிச்சம். தொல்லையோ பல மடங்கு. எனவே சி.ஓ.சி. 3-இல் ஓடும் டவருக்கு நேராக ஆர்.ஓ. வாங்குவது, ஓட்டை வாளிக்கு அடியில் பெரிய அண்டா வைப்பது போன்றது. முதலில் ஐந்துக்குக் கொண்டுவாருங்கள். அங்கே வரும் புளோடவுனுக்கு ஆர்.ஓ. அளவு போடுங்கள்; பாதி இயந்திரம் போதும்.

சி.ஓ.சி. ஏறவே மாட்டேன் என்கிறதா? கசிவு இருக்கிறது. பம்ப் சீல், தொட்டியின் ஓவர்ஃப்ளோ, பழுதான மிதவை வால்வு, யாரோ தரை கழுவ எடுத்த இணைப்பு எல்லாமே கணக்கில் வராத புளோடவுன். கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. முழு லோடில் டவர் ஓடும்போது புளோடவுன் வால்வை 24 மணி நேரம் மூடுங்கள். மாதிரி டவரில் 12.2 × 24 ÷ 500, அதாவது 0.59 மடங்கு உப்பு கூட வேண்டும். மேக்கப் நீரின் கண்டக்டிவிட்டி (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன்) 900 மைக்ரோசீமென்ஸ் என்றால் தொட்டியில் 530 அளவுக்கு உயர வேண்டும். 250தான் உயர்ந்தது என்றால் வால்வு மூடியிருக்கும்போதே நீர் எங்கோ போகிறது. தொட்டி நீர் ஏற்கெனவே மேல் வரம்பில் இருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

சி.ஓ.சி.யை எதை வைத்து அளப்பது என்பதிலும் புதியவர்கள் தடுக்கி விழுவார்கள். குளோரைடை வைத்து அளந்தால் ஹைப்போ (குளோரின் தரும் சோடியம் ஹைப்போகுளோரைட்) போடும் டவரில் எண் பொய்யாக உயரும். கண்டக்டிவிட்டியை வைத்தால் ஆசிட் போடும் டவரில் குழப்பும். மெக்னீசியம் நம்பத்தக்கது. மெக்னீசியக் கணக்கில் 5.0, கால்சியக் கணக்கில் 4.1 என்று வந்தால், குறைந்த அந்தக் கால்சியம் கன்டென்சர் குழாய்களில் படிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாம் படி: நீரைச் சோதியுங்கள், தடை எது என்று பாருங்கள்

மேக்கப், தொட்டி இரண்டிலும் ஒரே நேரத்தில் மாதிரி எடுங்கள். பி.எச்., டி.டி.எஸ். (கரைந்த உப்பின் மொத்த அளவு), கால்சியம், மெக்னீசியம், காரத்தன்மை, குளோரைடு, சல்ஃபேட், சிலிகா, இரும்பு, அலுமினியம், ஆர்த்தோபாஸ்பேட், கலங்கல், எண்ணெய், சி.ஓ.டி. (கரிமக் கழிவைக் காட்டும் அளவு) இவ்வளவும் வேண்டும். சிலிகாவை விட்டுவிட்டு வரும் அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள்.

நம் மாதிரி மேக்கப் நீர் இப்படி: டி.டி.எஸ். 600, கால்சியம் கடினத்தன்மை 120, மெக்னீசியம் கடினத்தன்மை 80, காரத்தன்மை 160, சிலிகா 25. எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம். கடினத்தன்மையும் காரத்தன்மையும் கால்சியம் கார்பனேட் கணக்கில். சி.ஓ.சி. 5-இல் சிலிகா 125. டவருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு 150. தாண்டவில்லை. ஆனால் பாறை நிலத்து ஆழ்துளைக் கிணற்றில் சிலிகா 40 வந்தால் சி.ஓ.சி. நான்கைத் தொடும் முன்பே வரம்பு முடிந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் புளோடவுனைச் சுத்திகரிப்பதைவிட மேக்கப் நீரைச் சரிசெய்வதே மலிவு. சென்னைச் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது: கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா நாளுக்கு 45 மில்லியன் லிட்டர் (எம்.எல்.டி.) திறனில் கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குத் தரும் நிலையங்கள். அந்த நீரில் உப்பு குறைவு என்பதால் சி.ஓ.சி. தாராளமாக ஏறும், ஆனால் காரத்தன்மையும் குறைவாக இருப்பதால் இரும்பை அரிக்கும். அரிப்புத் தடுப்பானை அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

காரத்தன்மை 160 × 5 = 800. அப்படியே விட்டால் பி.எச். 8.8 பக்கம் போய் நிற்கும். ஆசிட் போட்டு 150-க்கு இறக்கினால் 7.7 முதல் 7.8 வரும். எவ்வளவு ஆசிட்? மேக்கப் நீரில் லிட்டருக்கு 130 மில்லிகிராம் காரத்தன்மையைக் கொல்ல வேண்டும். 130 × 0.98 × மணிக்கு 15.3 கன மீட்டர் என்றால் மணிக்கு சுமார் 2 கிலோ சல்ஃப்யூரிக் ஆசிட். பி.எச். மீட்டரோடு இன்டர்லாக் (பி.எச். இறங்கினால் பம்பைத் தானே நிறுத்தும் இணைப்பு) இல்லாமல் இந்தப் பம்பை ஓட்டவே கூடாது. மீட்டர் முனையில் பாசி படிந்து பி.எச். உயர்வாகக் காட்டினால் பம்ப் விடாமல் ஊற்றும், விடிவதற்குள் காங்க்ரீட்டும் குழாயும் அரித்துப்போகும். வாரம் ஒருமுறை பஃபர் கரைசலில் மீட்டரைச் சரிபாருங்கள்.

ஆசிட் போட்டபின் லாங்கிலியர் குறியீட்டைப் போட்டுப் பாருங்கள். கால்சியம் கார்பனேட் படியவும் கரையவும் செய்யாத நிறைநிலை பி.எச்.ஐவிட நீரின் பி.எச். எவ்வளவு கூடுதல் என்பதே அது. 30 டிகிரி, டி.டி.எஸ். 3,000, கால்சியம் 600, காரத்தன்மை 150 என்றால் நிறைநிலை பி.எச். 7.0 அளவில் வரும், நீரின் பி.எச். 7.8, வித்தியாசம் 0.8. ஸ்கேல் (உப்புப் படிவு) தடுப்பான் இதைச் சமாளிக்கும். வெப்பப் பரிமாற்றியின் சூடான முனையில் 45 டிகிரி இருக்கலாம். கணக்கை அந்த வெப்பநிலைக்கும் போடுங்கள், எண் உயரும்.

மூன்றாம் படி: டவரில் போடும் ஒவ்வொரு கெமிக்கலையும் மெம்பிரேன் கண்ணால் பாருங்கள்

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். சப்ளையர் தரும் பெயர்களில் எண்ணும் எழுத்தும்தான் இருக்கும். பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

குவாட்டர்னரி அமோனியம் வகை பயோசைடுகளை ஆலையில் குவாட் என்பார்கள். இவை நேர்மின் தன்மை கொண்டவை. ஆர்.ஓ. மெம்பிரேன் பரப்போ எதிர்மின் தன்மை கொண்டது. ஒட்டிக்கொண்டால் எந்தக் கழுவலுக்கும் முழுதாக அசையாது. அதோடு ஆன்டிஸ்கேலன்டும் எதிர்மின் தன்மை கொண்டது என்பதால் இரண்டும் சேர்ந்து பிசுபிசுப்பான கூழாகி, ஆர்.ஓ.வுக்கு முன்னால் உள்ள கார்ட்ரிட்ஜ் ஃபில்டரை அடைக்கும். புளோடவுன் ஆர்.ஓ.வுக்குப் போகும் ஆலையில் குவாட்டை நிறுத்திவிடுவதே நல்லது. பதிலுக்கு டி.பி.என்.பி.ஏ., ஐசோதயசோலோன் போன்றவற்றை ஆலோசியுங்கள். கலங்கலைத் திரட்டப் போடும் நேர்மின் பாலிமருக்கும் இதே எச்சரிக்கை.

பாஸ்பொனேட் வகைகள் டவரில் ஸ்கேலைத் தடுக்கின்றன. இரண்டு இடங்களில் சிக்கல் கொடுக்கும். ஒன்று, சுண்ணாம்பு போட்டு மென்மையாக்கும்போது கால்சியம் படிவதையும் அவை தடுக்கும். கிளாரிஃபையரில் (படிவைத் தங்கவைத்துப் பிரிக்கும் தொட்டியில்) எதிர்பார்த்த கடினத்தன்மை குறையாது. இரண்டு, குளோரினோடு நெடுநேரம் இருந்தால் சிதைந்து ஆர்த்தோபாஸ்பேட் ஆகும். அது ஆர்.ஓ.வின் கடைசி எலிமெண்டுகளில் (மெம்பிரேனைச் சுருட்டிய உருளைகளில்) கால்சியம் பாஸ்பேட்டாகப் படியும். லாங்கிலியர் குறியீடு இதைக் காட்டாது. அது கார்பனேட்டுக்கு மட்டும். சி.ஓ.சி.யை உயர்த்தும்போது இந்தச் சிதைவும் கூடும், ஏனென்றால் நீர் தொட்டியில் அதிக நேரம் தங்குகிறது. அரை ஆயுள் = 0.693 × கொள்ளளவு ÷ புளோடவுன். மாதிரி டவரில் சி.ஓ.சி. 5-இல் ஏறக்குறைய ஐந்து நாள். எட்டில் எட்டு நாளுக்கு மேல். வெறும் பாஸ்பொனேட்டை நம்பாமல், நெடுநேரம் தாங்கும் பாலிமர் கலந்த கெமிக்கலைக் கேளுங்கள்.

துத்தநாகம் அரிப்பைத் தடுக்கும், பி.எச். 8-ஐத் தாண்டினால் தானே படியத் தொடங்கும். அனல்மின் நிலையக் கூலிங் டவர் புளோடவுனுக்கு மத்திய அரசின் சுற்றுச்சூழல் விதிகள் வைத்திருக்கும் வரம்புகளையும் நினைவில் வையுங்கள்: லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் துத்தநாகம் 1.0, பாஸ்பேட் 5.0, தனிக் குளோரின் 0.5, குரோமியம் 0.2.

ஹைப்போ. தொடர்ந்து போட்டால் தனிக் குளோரின் 0.2 முதல் 0.5 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்). பி.எச். 8-க்கு மேலே ஹைப்போவின் கொல்லும் திறன் சரசரவென்று குறையும், பி.எச். உயர்வாக ஓடும் டவரில் புரோமின் வகை சேர்த்தால் பலன். ஆனால் பாலிஅமைடு மெம்பிரேனுக்குக் குளோரின் விஷம்; 0.1 பி.பி.எம்.முக்குக் கீழே இருந்தே ஆக வேண்டும், இல்லாமலே இருப்பது உத்தமம். எனவே குளோரின் டவரில் வேண்டும், ஆர்.ஓ. வாசலில் கூடாது. வெளியேற்றும் வேலை சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டுக்கு. அது ஐந்தாம் படியில்.

நடைமுறை யோசனை ஒன்று: பயோசைடை மொத்தமாகக் கொட்டும் நாளில் ஆர்.ஓ.வுக்குப் போகும் வால்வை மூடிவிடுங்கள். எத்தனை மணி நேரம் மூட வேண்டும் என்பதை அந்த பயோசைடு எவ்வளவு வேகமாகச் சிதைகிறது என்று பார்த்து முடிவு செய்யலாம். அந்த நேரத்துக் கிழமையையும் மணியையும் இரண்டு பிரிவின் லாக்கிலும் எழுதுங்கள்.

நான்காம் படி: தொட்டியிலேயே தூசியைப் பிடியுங்கள்

கூலிங் டவர் ஒரு பெரிய காற்றுக் கழுவி. சாலைப் புழுதி, பூச்சி, மகரந்தம் எல்லாம் உள்ளே வரும். சுற்று நீரில் 2 முதல் 3 விழுக்காட்டை பக்க ஃபில்டரில் விட்டால் போதும். மாதிரி டவருக்கு மணிக்கு 20 முதல் 30 கன மீட்டர். மணிக்கு 12 மீட்டர் வேகத்தில் 1.8 மீட்டர் விட்ட மணல் ஃபில்டர் ஒன்று இந்த வேலையை முடிக்கும். மணல் 0.5 முதல் 0.8 மில்லிமீட்டர். உறிஞ்சும் குழாயைத் தொட்டியில் நீர் ஓடாத மூலையில் வையுங்கள். சேறு அங்கேதான் தங்கும். ஃபில்டரை எதிர்த்திசையில் கழுவிய பேக்வாஷ் நீரையே புளோடவுனாகக் கணக்கில் எடுக்கலாம். ஆனால் அந்தக் கலங்கலை ஆர்.ஓ. வரிசையில் விடாதீர்கள்.

ஐந்தாம் படி: ஆர்.ஓ.வுக்கு முன் சுத்திகரிப்பு

முதலில் கேட்க வேண்டிய கேள்வி சிலிகா பற்றியது. புளோடவுனில் 125. ஆர்.ஓ.வில் 70 விழுக்காடு நீரைச் சுத்த நீராக (பெர்மியேட்) எடுத்தால், மிஞ்சும் உப்பு நீரான ரிஜெக்டில் செறிவு 3.3 மடங்கு, சிலிகா 415-ஐத் தாண்டும். சிலிகாவுக்கான சிறப்பு ஆன்டிஸ்கேலன்ட் போட்டாலும் 200 முதல் 240 வரைதான் நிம்மதி. எனவே சிலிகாவை எடுக்காமல் ஓட்டினால் 45 விழுக்காட்டில் நின்றுவிட வேண்டும். 73 கன மீட்டரில் 33 மட்டும் திரும்பும், 40 ரிஜெக்ட். கோட்டேஷனில் 75 விழுக்காடு என்று எழுதித் தருபவரிடம் ரிஜெக்டில் சிலிகா எவ்வளவு என்று கேளுங்கள். பதிலில்தான் அவருக்கு இந்த வேலை தெரியுமா என்பது தெரியும்.

சிலிகாவை எடுக்க எளிய வழி, நீரில் ஏற்கெனவே உள்ள மெக்னீசியத்தைப் பயன்படுத்துவது. பி.எச்.ஐ 10.5 முதல் 11 வரை உயர்த்தினால் மெக்னீசியம் ஹைட்ராக்சைடாகப் படியும். படியும்போது சிலிகாவையும் இழுத்துக்கொண்டு போகும். நம் புளோடவுனில் மெக்னீசியம் கடினத்தன்மை 400 இருப்பதால் வெளியிலிருந்து சேர்க்காமலே கணிசமாகக் குறையலாம். ஜார் டெஸ்ட் (குவளைகளில் சிறு அளவில் கெமிக்கல் கலந்து பார்க்கும் சோதனை) செய்து உறுதிப்படுத்துங்கள். அந்தச் சோதனையைக் குழாய் நீரில் செய்யாமல், டவரின் உண்மையான புளோடவுனில் செய்ய வேண்டும். பாஸ்பொனேட் செய்யும் குறும்பு அதில்தான் வெளிப்படும்.

செலவு? கன மீட்டருக்கு சுண்ணாம்பு சுமார் 400 கிராம், சோடா ஆஷ் சுமார் 900 கிராம், உலர்ந்த கணக்கில் ஒரு கிலோவுக்கு மேல் சகதி. நாளுக்கு 90 கிலோவுக்குக் குறையாத சகதியை அழுத்திப் பிழிந்து எங்கோ கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். டவரில் ஆசிட் ஊற்றிக் காரத்தன்மையைக் கொன்றுவிட்டு, பின்னால் சோடா ஆஷ் வாங்கிக் கார்பனேட்டைத் திரும்பச் சேர்க்கிறோம் என்பதைக் கவனியுங்கள். கடினத்தன்மையும் காரத்தன்மையும் சேர்ந்து அதிகமாக உள்ள ஊரில் மேக்கப் நீரையே சுண்ணாம்பில் மென்மையாக்கினால் இந்த இரட்டைச் செலவு இல்லை. சிறிய ஆலைக்கு, சகதியோடு மல்லுக்கட்டுவதைவிட 45 விழுக்காட்டோடு திருப்தியடைவதே புத்திசாலித்தனம் ஆகலாம்.

கிளாரிஃபையரிலிருந்து வெளியே வரும் நீரின் பி.எச்.ஐ ஆசிட் கொண்டு 7-க்கு அருகே இறக்கிவிட்டு அல்ட்ரா ஃபில்ட்ரேஷனுக்கு (யு.எஃப்., நுண்துளை இழைகளில் வடிகட்டுவது) அனுப்புங்கள். கலங்கலைத் திரட்ட ஆலம், பி.ஏ.சி. போன்ற அலுமினிய உப்பு போடுவதாக இருந்தால் வெளிநீரில் கரைந்த அலுமினியம் 0.05-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் சிலிகாவோடு சேர்ந்து அலுமினியம் சிலிகேட்டாகப் படியும், அதைக் கரைப்பது பெரும்பாடு. ஃபெரிக் குளோரைடுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அளவு மீறினால் இரும்பு கசிந்து ஆன்டிஸ்கேலன்டைக் கெடுக்கும்.

யு.எஃப்.: வெளியிலிருந்து உள்ளே ஓடும் பி.வி.டி.எஃப். இழைகள் இந்த வகை நீருக்குத் தாங்கும். சதுர மீட்டருக்கு மணிக்கு 40 முதல் 50 லிட்டருக்கு மேல் இழுக்காதீர்கள். 30 நிமிடத்துக்கு ஒரு பேக்வாஷ். நாளுக்கு ஒருமுறை 200 முதல் 500 பி.பி.எம். ஹைப்போவில் ஊறவைத்துக் கழுவல், தேவைக்கேற்ப பி.எச். 2-இல் ஆசிட் கழுவல். கழுவிய ஹைப்போ முழுதாக அலசிப் போனதா என்று குளோரின் கிட்டில் பார்த்தபின்தான் ஆர்.ஓ. தொட்டிக்குத் திறக்க வேண்டும். அவசரத்தில் இதைத் தவறவிட்டு மெம்பிரேனை எரித்த ஆலைகள் நிறைய.

எஸ்.டி.ஐ. சோதனை (நீர் மெம்பிரேனை எவ்வளவு அடைக்கக்கூடும் என்பதன் அளவு): 0.45 மைக்ரான், 47 மில்லிமீட்டர் வட்டத் தாள், 2.1 பார் அழுத்தம். முதல் 500 மில்லி நிரம்ப எடுக்கும் வினாடிகளைக் குறியுங்கள். 15 நிமிடம் ஓடவிட்டு மறுபடி 500 மில்லிக்கு எடுக்கும் வினாடிகள். முதலில் 20, பின் 40 என்றால் (1 − 20/40) × 100 ÷ 15 = 3.3. ஐந்துக்கு மேல் ஆர்.ஓ.வுக்கு விடாதீர்கள், மூன்றுக்குக் கீழே இருந்தால் நல்ல தூக்கம் வரும். சோதித்த தாளைத் தூக்கி எறியாமல் தேதி போட்டு நோட்டில் ஒட்டி வையுங்கள். பழுப்பு என்றால் இரும்பு, பச்சை கலந்து வழவழப்பு என்றால் பாசி. நிறம் மாறிய நாள் தெரிந்தால் காரணத்தைத் தேடுவது சுலபம்.

குளோரின் நீக்கம்: ஒரு பங்கு குளோரினுக்குக் கணக்குப்படி 1.34 பங்கு மெட்டாபைசல்ஃபைட், நடைமுறையில் 3 பங்கு. கார்ட்ரிட்ஜ் ஃபில்டருக்குச் சற்று முன்னால் செலுத்தி, பின்னால் குளோரின் மிச்சம் இருப்பதைக் காட்டும் ஓ.ஆர்.பி. மீட்டர் வையுங்கள், 200 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் உயர் அழுத்தப் பம்ப் தானே நிற்க வேண்டும். கூடுதலாகப் போட்டால் பாதுகாப்பு என்று நினைத்து அள்ளி ஊற்றாதீர்கள். ஆக்சிஜனும் குளோரினும் இல்லாத நீரில் சல்ஃபேட்டைத் தின்னும் பாக்டீரியாக்கள் பல்கும். அழுகிய முட்டை வாடை வந்தால் அதுதான்.

ஆறாம் படி: ஆர்.ஓ.வை மெதுவாக ஓட்டுங்கள்

புளோடவுன் கிணற்று நீர் மாதிரி அல்ல. சதுர மீட்டருக்கு மணிக்கு 14 முதல் 17 லிட்டர் போதும். மணிக்கு 4 கன மீட்டர் உள்ளே விட்டு 2.8 எடுக்க வேண்டும் என்றால் 15 லிட்டர் கணக்கில் 187 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். 37 சதுர மீட்டர் கொண்ட 8 அங்குல எலிமெண்ட் ஆறு. இங்கே சிறிய ஆலைகளில் தவறாமல் வரும் பிழை ஒன்று: 8 அங்குல வெசலில் (எலிமெண்டுகள் அடங்கும் குழாய்) ரிஜெக்ட் ஓட்டம் மணிக்கு சுமார் 3 கன மீட்டராவது இருக்க வேண்டும். நம் கணக்கில் 1.2தான். ஓட்டம் மந்தமானால் அழுக்கு அடித்துப் போகாமல் அப்படியே உட்காரும். எனவே ரிஜெக்டில் ஒரு பகுதியைப் பம்பின் உறிஞ்சும் பக்கத்துக்குத் திருப்பும் குழாயும், அதற்கென்று தனி ஓட்டமானியும் வையுங்கள். அல்லது 4 அங்குல எலிமெண்டுகளில் வடிவமையுங்கள்.

ஆன்டிஸ்கேலன்ட் பொதுவாக 2 முதல் 5 பி.பி.எம். அளவை சப்ளையரின் மென்பொருள் சொல்லும். ஆனால் அதற்கு நீங்கள் கொடுக்கும் நீர் அறிக்கை ஆழ்துளைக் கிணற்றினுடையதாக இருந்துவிடக் கூடாது. புளோடவுன் அறிக்கை, அதுவும் கோடையில் எடுத்தது வேண்டும். ஆசிட்டால் சேர்ந்த சல்ஃபேட் மட்டும் லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்கு மேல். கால்சியத்தைக் குறைக்காமல் ஓட்டினால் ஜிப்சம் (கால்சியம் சல்ஃபேட்) கணக்கையும் கேட்டு வாங்குங்கள்.

நிறுத்தும்போது ஒவ்வொரு முறையும் பெர்மியேட் நீரால் அலசுங்கள். இரண்டு நாளுக்கு மேல் நிற்கும் என்றால் 1 விழுக்காடு மெட்டாபைசல்ஃபைட் கரைசலை நிரப்பி மூடிவையுங்கள்.

ஏழாம் படி: அடைப்பை முன்னரே பிடித்துக் கழுவுங்கள்

வெப்பநிலை, அழுத்தம், உப்பு ஆகியவற்றுக்குத் திருத்திய எண்களை மட்டும் ஒப்பிடுங்கள். மார்கழியில் நீர் குளிர்ந்து பெர்மியேட் குறைவதை அடைப்பு என்று நினைத்துக் கழுவுவது வீண் வேலை. திருத்திய பெர்மியேட் 10 விழுக்காடு குறைந்தாலோ, அழுத்த வித்தியாசம் 15 விழுக்காடு கூடினாலோ, உப்புக் கசிவு 5 முதல் 10 விழுக்காடு உயர்ந்தாலோ கழுவுங்கள். 30 விழுக்காடு வரை காத்திருந்தால் பழைய நிலை திரும்புவது சந்தேகம்.

அடைப்பு எங்கே இருக்கிறது என்பதே பாதி நோயறிதல். முதல் வெசலின் முதல் எலிமெண்டில் அழுத்த வித்தியாசம் ஏறினால் பாசி அல்லது தூசி. கடைசி எலிமெண்டில் உப்புக் கசிவு உயர்ந்து பெர்மியேட் குறைந்தால் ஸ்கேல். எல்லாவற்றிலும் உப்புக் கசிவும் பெர்மியேட்டும் சேர்ந்தே கூடினால் குளோரின் எரித்துவிட்டது, கழுவிப் பயனில்லை. கடைசி எலிமெண்டைக் கழற்றி எடை போடுங்கள். புதிய எலிமெண்டைவிடக் கனமாக இருந்தால் ஸ்கேல்தான். சுரண்டிய தூளில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் கார்பனேட். நுரைக்காமல் கரைந்தால் பாஸ்பேட் ஆகலாம். அசையவே இல்லை என்றால் சிலிகா அல்லது ஜிப்சம். வழவழப்பை உலர்த்தித் தீயில் காட்டினால் முடி கருகும் வாடை வந்தால் பாக்டீரியாப் படிவு.

கழுவும் வரிசை முக்கியம். பாசி, எண்ணெய், சிலிகா இருக்கும்போது முதலில் ஆசிட் விட்டால் படிவு இறுகிவிடும். முதலில் காரம்: 0.1 விழுக்காடு காஸ்டிக், பி.எச். 12, 30 முதல் 35 டிகிரி. பி.எச். 12-இல் 35 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். அரை மணி சுழற்சி, ஒரு மணி ஊறல், மறுபடி அரை மணி சுழற்சி. கரைசல் அழுக்கானால் மாற்றுங்கள். 8 அங்குல வெசலுக்கு மணிக்கு 6 முதல் 9 கன மீட்டர் ஓட்டம், பெர்மியேட் வராத அளவு குறைந்த அழுத்தம். அலசியபின் 2 விழுக்காடு சிட்ரிக் ஆசிட் அல்லது 0.2 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக், பி.எச். 2. படிவு கார்பனேட் மட்டும்தான் என்று உறுதியானால் ஆசிட்டில் தொடங்கலாம். கழுவிய கரைசல்களை ஒன்றோடொன்று நடுநிலையாக்கி இ.டி.பி.க்கு அனுப்புங்கள்; கூலிங் டவருக்குத் திருப்பாதீர்கள்.

எட்டாம் படி: ரிஜெக்ட்

ரிஜெக்டின் டி.டி.எஸ். 10,000 அளவுக்கு வரும். தமிழ்நாட்டில் நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கான வரம்பு 2,100. எனவே வெளியே விட இடமில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறையோடு மீண்டும் ஓடத் தொடங்கியபோது, பெரிய செலவு ரிஜெக்டை ஆவியாக்குவதில்தான் என்பதைத் தொழில் முழுதும் கற்றுக்கொண்டது. கூலிங் டவருக்கும் கதை அதேதான்.

சூரிய ஆவித் தொட்டி போடலாம் என்று தோன்றும். நாளுக்கு 22 கன மீட்டர் ரிஜெக்ட், நாளுக்கு 4.5 மில்லிமீட்டர் ஆவி என்றால் 4,900 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒன்றேகால் ஏக்கர். 45 விழுக்காட்டில் ஓட்டி 40 கன மீட்டர் வந்தால் இரண்டு ஏக்கர் தாண்டும். ஆண்டு சராசரியை நம்பித் தொட்டி கட்டினால் ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்வது கூடுதலாகவும் ஆவியாவது குறைவாகவும் இருந்து தொட்டி நிரம்பி வழியும். இரண்டு மாத ரிஜெக்டைத் தாங்கும் சேமிப்பை அதற்கு மேல் கட்டுங்கள். இடமில்லை என்றால் எவாப்பரேட்டர் விலை கேட்கும் முன், சி.ஓ.சி. உண்மையில் ஐந்தில்தான் நிற்கிறதா என்று மெக்னீசியம் சோதனையை இன்னொரு முறை செய்து பாருங்கள்.